செல்விக்கு வெண்டைக்காய்

பூனைப் படத்தைக் காட்டினால் நாய் என்று சொல்ல வேண்டும், நாயைக் காட்டினால் பூனை என்று சொல்ல வேண்டும், இதுதான் முதல் பரீட்சை, இது என்ன கூத்து என்று போன வருஷமும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன், நினைக்க மட்டும்தான் முடியும், இந்தப் பரிசோதனை அறையில் எனக்கு வாய் கிடையாது. தம்பி மூர்த்திக்குப் பின்னால், அவன் கண்ணில் படாத மூலையில் ஒரு நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். பேசக் கூடாது, தலையாட்டக் கூடாது, முடிந்தால் இருமக்கூடக் கூடாது என்று பரீட்சை வைக்கிற பிரிசில்லா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனாலும் சொல்லிவிட்டாள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தே தலை நரைத்தவளிடம் வாயை மூடிக்கொண்டு இரு என்றால் எப்படி இருக்கும், கை பாட்டுக்கு முந்தானையை முறுக்கிக்கொண்டிருக்கிறது. "பூனை," என்கிறான் மூர்த்தி. ஐயோ, நாய்னு சொல்லு சாமி. "படத்துல பூனைதாங்கண்ணா, ஆனா நாம மாத்திச் சொல்ற விளையாட்டு விளையாடறோம் இல்லீங்களா, என்னன்னு சொல்லணும்?" என்கிறாள் பிரிசில்லா. அவன் பிடரியைச் சொறிகிறான். பிடரியில் நரை. எப்போது வந்தது இந்த நரை, நான்தானே மாதாமாதம் சலூனுக்குக் கூட்டிப்போகிறேன். "நாய்," என்கிறான், சொல்லிவிட்டுக் குலுங்கிச் சிரிக்கிறான், பொய் சொல்லச் சொல்லிக் கொடுத்த பெரிய மனுஷியைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. கண் பூனை என்கிறது, நாக்கும் பூனை என்று கிளம்பிவிட்டது, நடுவில் யாரோ ஒருவன் எழுந்து வந்து நாக்கைப் பிடித்து நிறுத்தி நாய் என்று திருத்தி அனுப்புகிறான், அந்த ஒருவன் யார், எங்கே உட்கார்ந்திருக்கிறான், இத்தனை வயது வரை எனக்குள்ளும் அவன் இருக்கிறான் என்றே நான் யோசித்ததில்லை. ஞாபகம் போவதற்கு முன்பே சிலருக்கு அவன்தான் முதலில் தளர்ந்துபோகிறான் என்று பிரிசில்லா ஒருமுறை சொன்னாள். மறுபடி பூனை. "பூனை," என்கிறான் மூர்த்தி, இந்தத் தடவை சிரிக்கவில்லை.

திருத்திச் சொல்லலாம், தப்பில்லை, போன வருஷமும் ஒன்றிரண்டு தப்பு விட்டான், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, இல்லை, விடவேயில்லையோ. இதுதான் வம்பு. இங்கே அவனை யாரோடும் ஒப்பிடுவதில்லை. போன வருஷத்து மூர்த்தியோடு இந்த வருஷத்து மூர்த்தியை ஒப்பிடுகிறார்கள், அவ்வளவுதான். முதல்முறை பிரிசில்லா இதைச் சொன்னபோது இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். பிறந்த நாளிலிருந்து அவனை ஒப்பிடாதவர் யார், பக்கத்து வீட்டுக் குழந்தை உட்கார்ந்துவிட்டது இவன் உட்காரவில்லை, அது பேசிவிட்டது இவன் பேசவில்லை, அதற்குக் கல்யாணம் ஆகிவிட்டது, அதற்குப் பேரன்கூடப் பிறந்துவிட்டது, நாற்பத்தைந்து வருஷம் கழித்து ஒரு அறையில் ஒரு பெண், இவருக்கு இவர்தான் அளவு என்கிறாள். அதோடு அண்ணா என்கிறாள், வாங்க போங்க என்கிறாள். எங்கள் தெருவில் நேற்றுப் பேசக் கற்ற வாண்டுகூட அவனை டேய் மூர்த்தி என்றுதான் கூப்பிடும். அதனாலேயே இங்கே வருவதென்றால் விடியும்போதே குளித்து, சட்டையை இன் பண்ணிக்கொண்டு, பவுடர் அப்பிக்கொண்டு நிற்பான். இன்று காலை சட்டைக்குள் ஒரு கையை மட்டும் விட்டுவிட்டு, இன்னொரு கை எங்கே போக வேண்டும் என்று தெரியாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அதை நான் பார்க்கவில்லை. பார்த்தேன், பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டேன். குளியலறை வாசலில் வெள்ளைத் தரை முடிந்து கறுப்புக் கல் தொடங்குகிற இடத்தில் கிணற்றைப் பார்க்கிறவன் போலக் கொஞ்ச நாளாக நின்றுவிடுகிறானே, அதையும் அப்படித்தான். வழுக்கும் என்று பயப்படுகிறான், புத்திசாலி, என்று பக்கத்து வீட்டுச் செல்வியிடம் சொன்னேன். செல்வி ஒன்றும் சொல்லாமல் இருந்ததுதான் இரண்டு நாள் என்னைச் சாப்பிட விடவில்லை.

அவன் பிறந்தபோது இருந்த டாக்டர் பத்து வயதைத் தாண்டாது என்றாராம், பிறகு வேறொருவர் இருபது என்றார், அம்மா இரண்டையும் கேட்டுக்கொண்டு, எனக்கு முன்னால் இவன் போய்விட வேண்டும் என்று சாமியிடம் வாய்விட்டே கேட்பாள், நானும் பக்கத்தில் நின்று கும்பிடுவேன், எங்கள் இரண்டு பேருக்கும் அது சாபமாகத் தெரியவில்லை, அக்கறையாகத்தான் தெரிந்தது. அப்பா போனார், அம்மா போனாள், மூர்த்தி இருக்கிறான். அவனுக்கு வயதாகும் என்று எங்கள் வீட்டில் யாருமே யோசித்து வைத்திருக்கவில்லை. நமக்கெல்லாம் செல்லுக்குள் இரண்டிரண்டாக இருக்கிற குரோமோசோம்களில் இருபத்தொன்றாவது மட்டும் அவனுக்கு மூன்று, அது சின்ன வயதிலேயே கேட்டதுதான், ஆனால் அந்த இருபத்தொன்றில்தான் மூளைக்குள் அழுக்குப் போலப் படிகிற ஒரு புரதத்தைச் செய்கிற குறிப்பும் இருக்கிறது, மூன்று இருப்பதால் அதுவும் கூடுதலாக உற்பத்தியாகி நாற்பது வயதுக்குள் அவனைப் போன்றவர்கள் ஏறக்குறைய எல்லாருக்குமே படிந்துவிடுகிறது என்று பிரிசில்லா சொன்ன அன்று பஸ்ஸில் ஊர் வந்து சேர்ந்ததே எனக்குத் தெரியவில்லை. கூட்டக் கூட்டக் குறைகிற கணக்கு. நெகட்டிவ் எண்ணா, அதுவுமில்லை. அந்தச் சப்பை மூக்கைக் கொடுத்ததும் அதுதான், சின்னச் சின்னக் காதைக் கொடுத்ததும் அதுதான், துக்க வீட்டில் எல்லோரும் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கையில் நேராகப் போய்ச் செத்தவரின் மனைவி மடியில் தலை வைத்துப் படுத்துக்கொள்கிற அந்தக் குணமும் அதிலிருந்துதானோ, அதிலேயே இதுவும் மடித்து வைத்திருந்ததா, தொட்டிலில் கிடந்தபோதே இது இருந்ததா. நினைத்தால் மேல் எல்லாம் சிலிர்க்கிறது. ஆனால் படிந்தவர்கள் எல்லாருக்கும் மறதி ஒரே வயதில் வருவதில்லை, சிலருக்கு நாற்பதிலேயே, சிலருக்கு அறுபதை நெருங்கியும் பெரிதாக ஒன்றும் இல்லை, ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை, அதைத் தெரிந்துகொள்ளத்தான் மூர்த்தி மாதிரி ஆட்களை வருஷா வருஷம் வரச் சொல்லி ரத்தம் எடுத்து, பூனை நாய் கேட்டு, படம் காட்டுகிறார்கள். இவன் கொடுக்கிற பதில் எங்கோ இன்னும் பிறக்காத ஒரு பிள்ளைக்கு உதவும் என்றாள். மூர்த்தியிடம் அதைச் சொன்னபோது, "அந்தப் பாப்பா பேரென்ன?" என்று கேட்டான்.

பூனை நாய் முடிந்துவிட்டது. தண்ணீர் குடிக்கிறான். அடுத்து ஞாபகப் பரீட்சை, இங்கேதான் என் திருட்டுத்தனம் வெளியில் வரப்போகிறது. பரீட்சை என்று ஒன்று இருந்தால் அதற்குத் தயார் செய்யாமல் பிள்ளையை அனுப்புகிற ஜாதி இல்லை நாங்கள். பாஸ் மார்க் வாங்காதவன் தோற்பான், தோற்காமல் இருக்க டியூஷன், இதைத் தவிர எனக்கு என்ன தெரியும். போன வருஷம் இதே மூலையில் உட்கார்ந்து பார்த்த படங்கள் எனக்கு அப்படியே மனப்பாடம், கத்திரிக்காய், பஸ், சேவல், குடை. ஒரு வாரமாகச் சாயங்காலம் டியூஷன் பிள்ளைகள் போன பிறகு அவனைப் பாயில் உட்கார வைத்துப் படம் வரைந்து காட்டிப் பாடம் எடுத்தேன். முதல் நாள் ஒன்றும் நிற்கவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. எனக்குக் கோபம் வந்து சாக்பீஸை வீசிவிட்டேன், அவன் போய் அதை எடுத்து வந்து கையில் கொடுத்தான். அப்புறம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. மூர்த்தி எதையும் தனக்கென்று வைத்துக்கொள்ளாதவன், கோயிலில் சுண்டல் கொடுத்தாலும், டியூஷன் பிள்ளை பிறந்தநாளுக்குச் சாக்லேட் கொடுத்தாலும், பேர் சொல்லிச் சொல்லிப் பங்கு வைத்துவிட்டுத்தான் வாயில் போடுவான், இது செல்விக்கு, இது அப்பாவுக்கு என்று அவர் படத்தின் முன்னால் ஒன்று, இது அக்காவுக்கு. சரி, கத்திரிக்காய் யாருக்குடா சாமி என்று கேட்டேன். "செல்விக்கு." பஸ்? "அப்பாவுக்கு," கண்டக்டராக இருந்த அப்பாவுக்கு. சேவல் எதிர்வீட்டு மாரப்பனுக்கு, குடை எனக்கு, வெயிலில் போகிறேனாம். மறுநாள் காலை பல் விளக்கும்போதே நான்கையும் சொன்னான். வாயில் நுரையோடு. இன்றைக்குச் சொன்னதை நாளைக்குச் சொல்லாத பிள்ளைகளை வைத்து எத்தனை வருஷம் மாரடித்திருக்கிறேன், அவர்களில் ஒருத்தன்கூடப் பாடத்தை யாருக்காவது கொடுப்பதற்காகக் கற்றதில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை, சேலைத் தலைப்பால் அவன் வாயைத் துடைத்துவிட்டேன்.

பிரிசில்லா அட்டைகளை எடுக்கிறாள். வெண்டைக்காய். என் உயிர் போய்விட்டது. சைக்கிள். ஆடு. செருப்பு. படங்களை மாற்றிவிட்டார்கள், மாற்றாமல் என்ன செய்வார்கள், கேள்வியை மாத்திக் கேப்பாங்க, புரியாம மக்கடிக்காதீங்கடா என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். ஒவ்வொன்றையும் காட்டி இது என்ன என்று கேட்கிறாள், அவன் சரியாகப் பேர் சொல்கிறான், சொல்லும்போது உதடு தனியாக என்னவோ முணுமுணுக்கிறது, முதுகுப் பக்கமிருந்து எனக்குத் தாடை அசைவதுதான் தெரிகிறது. அட்டைகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஊரில் மழையா என்று கேட்கிறாள், மழை என்கிறான், மழையே இல்லை, ஏசியில் எனக்குக் கால் விறைக்கிறது, ஜன்னலுக்கு வெளியே காக்கை கத்துகிறது, கொஞ்சம் சும்மா இரேன் காக்காய். "அண்ணா, இப்ப படம் பார்த்தோமில்லீங்களா, அதுல ஒரு காய் இருந்துச்சே, என்ன காய்?" மூர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்து, நெஞ்சை முன்னால் தள்ளி, தயார் செய்து வந்த பிள்ளையின் குரலில் சொல்கிறான்: "செல்வி." பிரிசில்லாவின் பென்சில் நிற்கிறது. "காய்ங்கண்ணா." "செல்வி," இன்னும் சத்தமாக. "சரிங்கண்ணா. ஓட்டிக்கிட்டுப் போற வண்டி ஒண்ணு இருந்துச்சே?" "அப்பா." பென்சில் என்னவோ போடுகிறது. போடுகிற சத்தத்திலேயே தெரிகிறது, தப்பு, தப்பு. அவளுக்கு இது காயும் வண்டியும் மறந்துபோய் வாய்க்கு வந்த பேரைச் சொல்கிற ஒரு மனிதன். நான் அவனுக்கு ஏணி கொடுத்தேன் என்று நினைத்தேன், அவன் ஏணியை மட்டும் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறான். இது நான் கெடுத்ததா, தானாகக் கெட்டதா, இனி எப்படிப் பிரித்துப் பார்ப்பது, போன வருஷத்து மூர்த்தி ஒருத்தன்தானே அவனுக்கு அளவு, இந்த வருஷத்து மூர்த்திமேல் நான் மையைக் கொட்டிவிட்டேனே. பேசாமல் இருந்துவிடலாம். பேசாமல் இருந்தால் இதுவே அவனுடைய வருஷம் என்று எழுதிவிடுவார்கள். "நான் சொல்லிக் குடுத்துட்டேன் கண்ணு," என்று என் குரல் கேட்கிறது, நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன், "கோவிச்சுக்காத, போன வருஷத்துப் படத்தை ஒரு வாரமாச் சொல்லிக் குடுத்தேன், காய்னா செல்விக்கு, வண்டின்னா அப்பாவுக்கு, அப்படிச் சொன்னாத்தான் அவனுக்கு நிக்குது, அதான் பேரைப் பேரைச் சொல்றான்."

பிரிசில்லா கோபித்துக்கொள்ளவில்லை, வாயில் கை வைத்துச் சிரித்தாள், உடனே சிரிப்பை நிறுத்தி அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஒரு வாரத்துல கத்துக்கிட்டாங்களா? இன்னைக்கு வரைக்கும் நின்னுச்சா?" நின்றது என்றேன். "அக்கா, மார்க்குக்கு இது ஆகாது. ஆனா நான் ஒண்ணு கேட்டுப் பார்க்கறேன், எனக்காக." நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "மூர்த்தி அண்ணா, செல்விக்கு நீங்க என்ன குடுத்தீங்க?" கத்திரிக்காய் என்பான், நான் கண்ணை மூடிக்கொண்டேன். "வெண்டைக்காய்," என்றான் மூர்த்தி. நான் கண்ணைத் திறந்தேன். "கத்திரிக்காய் அன்னிக்கே குடுத்தாச்சு." கொடுத்ததைத் திரும்பக் கொடுப்பார்களா என்கிற மாதிரி இரண்டு பேரையும் பார்க்கிறான். அந்த முணுமுணுப்பு இதுதானா, அட்டை வரவர அங்கேயே பங்கு வைத்துக்கொண்டிருந்தானா, பிரிசில்லா காட்டிய காயை எடுத்துக்கொண்டு எங்கள் சந்துக்குப் போய்ச் செல்வி வீட்டுக் கதவைத் தட்டிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறான். அழுக்கு படிந்துகொண்டிருக்கிற மூளை என்று படம் போட்டுக் காட்டினார்களே, அதே மூளை. இந்தப் பக்கம் ஒரு சுவர் சரிகிறது, அந்தப் பக்கம் அவன் பாட்டுக்குப் பந்தி வைத்துக்கொண்டிருக்கிறான். எனக்குக் கைகூப்ப வேண்டும் போல இருந்தது, கூப்பினேனோ என்னவோ. "அப்பாவுக்கு?" என்றாள் பிரிசில்லா, அவள் குரலும் மெலிந்திருந்தது. "பஸ்." சைக்கிள் இல்லை, பஸ். "மாரப்பனுக்கு?" என்று நான் எடுத்துக் கொடுக்க அவளும் கேட்டாள். கைவிரலைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். வரவில்லை. "பரவால்லீங்கண்ணா. அக்காவுக்கு?" முதல்முறையாகத் திரும்பி என்னைப் பார்த்தான். செருப்பு சாமி, செருப்பு. வாய் வரை வந்ததைக் கடித்து விழுங்கினேன், நாக்கைப் பிடித்து நிறுத்துகிற அந்த ஒருவன் எனக்குள்ளும் எழுந்து நின்றான். மூர்த்தி சட்டைப் பையைத் தடவினான். பேன்ட் பையைத் தடவினான். மேஜைமேல் கவிழ்ந்து கிடந்த அட்டைகளைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டான். "அக்காவுக்கு ஒண்ணுமே இல்ல," என்றான். கைக்கு வந்தது எதுவானாலும் எனக்கும் ஒரு பங்கு வைக்காமல் அவன் இருந்ததே இல்லை, பாதி தின்ற முறுக்காவது இருக்கும்.

அப்போதுதான் கேட்டேன். கேட்கக் கூடாது என்று நான்கு வருஷமாகத் தொண்டைக்குள் வைத்திருந்ததைக் கேட்டேன். "ஆரம்பிச்சிருச்சா கண்ணு?" பிரிசில்லா சுற்றி வளைக்கவில்லை. இன்றைய பரீட்சையை வைத்து எதுவும் சொல்ல முடியாது, அதை நீங்கள் குழப்பிவிட்டீர்கள், ஆறு மாதம் கழித்து வேறு படங்களோடு மறுபடி பார்க்க வேண்டும், தைராய்டு, காது, கண், தூக்கம் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் டாக்டர் சொல்வார் என்றாள், பிறகு, "வீட்டுல ஏதாவது மாறியிருக்காக்கா? மறைக்காமச் சொல்லுங்க," என்றாள். சொன்னேன். சட்டையைச் சொன்னேன், கறுப்புக் கல்லைச் சொன்னேன், மாரப்பனைச் சில நாள் அப்பா என்று கூப்பிடுவதைச் சொன்னேன், எனக்கே தெரியாமல் என்னிடம் இவ்வளவு சேர்ந்திருந்தது. அவள் கேட்டு முடித்துவிட்டு என் கையைப் பிடித்தாள். "ஆரம்பிச்சிருக்கும்னுதான் எனக்கும் தோணுதுக்கா." பயம் வரும் என்று இருந்தேன். வந்தது, நன்றாகவே வந்தது, ஆனால் அதற்குப் பின்னாலேயே வேறொன்றும் வந்தது, அதற்குப் பெயர் தெரியவில்லை, பெரிய கோயிலுக்குள் முதல்முறை நுழைந்து கோபுரத்தை அண்ணாந்து பார்த்த சின்னப் பிள்ளைக்கு வருமே, அது. இவ்வளவு காலம் இவனோடு ஒரே கூரைக்குக் கீழே இருந்திருக்கிறேன், இவனுக்குள் இத்தனை பேர் குடியிருப்பது தெரியாமல்.

இனிமேல் இந்தப் படங்களையோ இந்த மாதிரியோ எதையும் வீட்டில் சொல்லிக்கொடுக்க வேண்டாம் என்றாள் பிரிசில்லா, சரி என்றேன், சத்தியமா மாட்டேன் என்றேன். மூர்த்தி எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றான். "அப்ப டியூஷன் இல்லையா?" என்றான். "இல்ல சாமி, பரீட்சை முடிஞ்சுபோச்சு." முகம் சுருங்கிவிட்டது. "எனக்கு வேணும்," என்றான். "பாய்ல உக்காந்து. நீ சொல்லி, நான் சொல்லி." ஒரு பரீட்சையும் இல்லாத டியூஷனை யாரும் என்னிடம் இதுவரை கேட்டதில்லை. நான் பிரிசில்லாவைப் பார்த்தேன். "படமும் சோதனையும்தாங்கக்கா வேண்டாம்னேன். சேர்ந்து உக்கார்றதை யாரு வேண்டாம்னா," என்றாள், அவள் கண்ணும் கலங்கியிருந்தது. என்ன சொல்லிக்கொடுப்பது, எதற்காக, எது நிற்கும், எத்தனை நாள் நிற்கும், ஒன்றும் தெரியவில்லை. "நாளைக்கு ஆறு மணிக்கு இருக்கு சாமி," என்றேன். அவன் யோசித்துத் தலையாட்டினான். "சரி," என்றான், "நீ லேட்டா வந்துராத."